அடுப்பும் வழியும்: பெரும்பாணாற்றுப்படையின் உணவுப் பகுதிகளும் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில்தடமும்

ஆய்வுச்சுருக்கம்

சங்ககால உணவு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் திணைவாரியான பட்டியல்களாக அமைகின்றன. இக்கட்டுரை பெரும்பாணாற்றுப்படையின் உணவுப் பகுதிகளை உண்ணப்படும் பொருளைக் கொண்டு அன்றி, அப்பொருள் வெந்த அடுப்பையும் சமைத்த கையையும் உண்போரின் நிலையையும் கொண்டு வாசிக்க முயல்கிறது. அந்நூலின் களமாகிய தொண்டைநாட்டில் இன்று எழுந்துள்ள தொழில்தடத்தில், 2021 டிசம்பரில் உணவின் பொருட்டு நிகழ்ந்த பெண் தொழிலாளர் மறியலை அவ்வாசிப்புக்கு எதிரே நிறுத்துகிறது. ‘உள்ளூர் உணவு’, ‘பருவகால உணவு’, ‘வீட்டுச் சமையல்’ என்னும் இன்றைய பாராட்டுச் சொற்கள் எவற்றைக் காணாமல் விடுகின்றன என்பதே இதன் வினா.

திறவுச்சொற்கள்: பெரும்பாணாற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, தொண்டைநாடு, அடுப்பு, விருந்து, தொழிலாளர் விடுதி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம்

பட்டியலின் போதாமை

தொல்காப்பியம் கருப்பொருள்களை அடுக்கும் நூற்பாவில் தெய்வத்தை அடுத்து உணவையே வைக்கிறது. இவ்வைப்புமுறை பிற்கால ஆய்வாளர்களுக்கு ஒரு வசதியைத் தந்தது. முல்லைக்கு வரகு, மருதத்துக்கு நெல், நெய்தலுக்கு மீன் எனக் கட்டம் கட்டி நிரப்பினால் ஒரு கட்டுரை உருவாகிவிடும். அவ்வாறு உருவான கட்டுரைகள் கருத்தரங்கத் தொகுதிகளில் ஏராளம். அவற்றுள் தரவுப் பிழை அதிகம் இல்லை. ஆயினும் அவற்றைப் படித்து முடிப்பவருக்குச் சங்ககால மக்கள் எதை உண்டனர் என்பது தெரியுமேயன்றி, அவ்வுணவை யார் எந்நிலையில் சமைத்தனர், உண்டவர் அதை எவ்வுரிமையோடு உண்டனர் என்பது தெரியாது. பெரும்பாணாற்றுப்படையைப் பொறுத்தவரை இந்த இழப்பு பெரிது. ஏனெனில் அந்நூல் கூறவருவது இரண்டாவதைத்தான்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இந்நூல் 500 அடிகளைக் கொண்டது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்று மீளும் பாணன், வறுமையில் உழலும் மற்றொரு பாணனுக்கு வழி கூறுவதாக அமைந்தது. உ. வே. சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்த நாள்தொட்டு இது ஒரு புவியியல் ஆவணமாகவும் படிக்கப்பட்டு வந்துள்ளது. இதில் வரும் நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தை மாமல்லபுரத்தோடு இணைத்துக் காண்போர் உண்டு. பாணன் நடந்த வழியை இன்றைய வரைபடத்தில் துல்லியமாக வரைவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கடலுக்கும் காஞ்சிக்கும் இடைப்பட்ட தொண்டைநாட்டு நிலமே நூலின் களம் என்பதும், ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அந்நிலத்துள் அடங்குவன என்பதும் இங்குப் போதுமானவை.

வேனிலில் ஒரு பயணம்

நூல் கடுங்கோடையில் தொடங்குகிறது. முதற்பகுதியில் கதிரவன் காய்கிறான். யாழின் வருணனைக்குள் வேனிலில் மலரும் பாதிரிப்பூ உவமையாக வருகிறது. இப்பருவக் குறிப்பை மனத்திற் கொண்டு உணவுப் பகுதிகளைப் படித்தால், திணைக்கட்டங்களில் தென்படாத ஓர் ஒழுங்கு புலப்படும். எயினர் குடிலில் கிடைப்பது உப்பிட்டு உலர்த்திய இறைச்சி. அங்கே கிணற்றில் ஊறுவது சிறிதளவு உவர்நீர். முல்லைநிலச் சிற்றூரில் கிடைப்பது சேமித்து வைக்கத்தக்க வரகும் அவரைப் பருப்பும். அந்தணர் மனையில் மாவடு ஊறுகாய். தோட்டக்குடிகளின் வீட்டில் பலாவும் நுங்கும் இளநீரும். உலர்ந்தவை, ஊறியவை, சேமித்தவை, அவற்றோடு கோடையில் மட்டுமே கனிபவை: தொண்டைநாட்டுச் சிற்றூர்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் இன்றும் உறியிலும் பானையிலும் முற்றத்திலும் கிடக்கும் பொருள்கள் ஏறத்தாழ இவையே.

இந்த ஒழுங்கை நூல் முழுமைக்கும் நீட்டிவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மருதப்பகுதியில் உழவு, நாற்று நடவு, அறுவடை யாவும் ஒரே நடைப்பயணத்துக்குள் அடுத்தடுத்து வருகின்றன. புலவர் அங்கே நாட்காட்டியைக் கைவிட்டு, வயலின் ஓராண்டு வாழ்வை ஒரே பார்வையில் காட்டிவிடுகிறார். ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் அந்நேரத்தில் இருப்பதே பாணனுக்குக் கிடைக்கிறது என்னும் விதி எங்கும் மீறப்படவில்லை. எயினர் வீட்டில் வெண்ணெற் சோறு கிடைக்காது. ஆயர் வீட்டில் வறுத்த மீன் கிடைக்காது. பாணனுக்கெனத் தனியே எதுவும் தருவிக்கப்படுவதில்லை. வீட்டார் உண்பதே விருந்து.

அடுப்பும் கையும்

உணவைச் சொல்லும் இடத்தில் உருத்திரங்கண்ணனார் காட்டும் நிதானம் வியப்புக்குரியது. எயினர் குடில் அதற்குச் சிறந்த சான்று. ஈந்தின் இலையால் வேய்ந்த குடிசைக்குள் பிள்ளை பெற்ற பெண் மான்தோலின்மேல் குழந்தையோடு படுத்திருக்கிறாள். ஏனைய பெண்கள் இரும்புப் பூண் இட்ட கோலால் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசியைச் சேர்க்கின்றனர். விளாமர நிழலில் மான் கட்டப்பட்ட முற்றத்தில், நிலத்தில் குழித்த உரலில் அதைக் குற்றுகின்றனர். ஆழக்கிணற்றிலிருந்து உவர்நீரை முகந்து வருகின்றனர். விளிம்பு சிதைந்த பழம்பானையை முரிந்த அடுப்பில் ஏற்றிச் சமைக்கின்றனர். இவ்வளவுக்கும் பின்னரே அவ்வுணவு தேக்கிலையில் குவிக்கப்பட்டுப் பாணனின் சுற்றத்துக்குக் கிடைக்கிறது.

இப்பகுதியிலிருந்து ‘எயினர் புல்லரிசியும் உப்புக்கண்டமும் உண்டனர்’ என்ற ஒற்றைத் தொடரை மட்டும் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை வருணனை என ஒதுக்குவது ஆய்வு வழக்கம். உண்மையில் இங்கே வருணனை என்று ஒதுக்கப்படுவதே செய்தி. ஒரு கவளத்துக்குப் பின்னால் எத்தனை பெண்களின் எத்தனை நேர உழைப்பு இருக்கிறது என்பதைப் புலவர் உண்போர்க்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறார். பானையின் உடைந்த விளிம்பைக் காட்டாமல் அதிலிருந்து சோறு எடுக்க அவர் ஒப்பவில்லை.

இளந்திரையனின் அரண்மனையிலும் இப்பார்வை மாறுவதில்லை. அங்கே செந்நெல்லின் தேர்ந்த அரிசியும் கொழுத்த இறைச்சியும் விண்மீன்களைப் போல் ஒளிரும் கலங்களில் பரப்பப்படுகின்றன. அச்செல்வக் காட்சிக்கு நடுவே, அதைச் சமைத்தவனின் வலிய கையில் வளைந்த அரிவாள் பட்டு ஆறிய தழும்புகள் இருந்தன என்று புலவர் குறிப்பிடுகிறார். பாட்டுடைத் தலைவன் அரசன். மடையனின் கைத்தழும்பு அவன் புகழுக்கு எவ்விதத்திலும் தேவையில்லை. தேவையில்லாத இந்த ஒரு குறிப்பு, நூல் முழுதும் ஓடும் பார்வை தற்செயலானதன்று என்பதை உறுதிசெய்கிறது. அடுத்து, அரசன் தானே நின்று, பாணர்களின் பிள்ளைகளையும் முறையாக நோக்கி, முகம் மலர்ந்து ஊட்டுகிறான். கொடுப்பவனின் முகமும் சமைத்தவனின் கையும் உண்போர் கண்ணுக்குத் தெரிகின்றன.

‘பெறுகுவிர்’ என்னும் வினைமுற்று உணவுப் பகுதிகளின் இறுதியில் மீண்டும் மீண்டும் வருவதும் இத்தொடர்பில் கருதத்தக்கது. ‘அவர்கள் தருவர்’ என்பது வழிகூறும் பாணனின் வழக்கமான தொடராக இல்லை. ‘நீங்கள் பெறுவீர்கள்’ என்பதே வழக்கமாகிறது. எழுவாய் கொடுப்போர் அல்லர், வழியில் வருவோர். ஈகையைப் பாடும் நூலாகவே ஆற்றுப்படையைப் படித்துப் பழகிய கண்களுக்கு இந்த இலக்கண அமைதி எளிதில் படுவதில்லை. ஊர் பேர் தெரியாத வழிப்போக்கன், நிலம் எதுவாயினும், அங்கே வேகும் சோற்றில் தனக்கும் பங்குண்டு என உறுதியோடு நடக்கலாம் என்பதே அவ்வினைமுற்றின் பொருள்.

உப்பில்லாக் கீரை

பெரும்பாணாற்றுப்படையின் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டிய காட்சி சிறுபாணாற்றுப்படையில் உள்ளது. நல்லூர் நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய அந்நூலில், பாணன் தன் பழைய வறுமையை நினைவுகூர்கிறான். கூரை சரிந்த அடுக்களை, சுவரில் கறையான், காளான் பூத்த தரை, ஈன்ற நாய் பாலின்றித் தன் குட்டிகளையே விலக்குகிறது. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பும் இல்லாமல் வேகவைத்து, கண்டோர் பழிப்பரே என நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள்.

இன்றைய உணவு எழுத்தின் அளவுகோல்கள் யாவற்றிலும் இவ்வுணவு தேறிவிடும். வீட்டு வாசலில் கிள்ளியது, ஆகவே உள்ளூர் உணவு. தானே முளைத்தது, ஆகவே பருவத்துக்குரியது. உரமும் நஞ்சும் அறியாதது. எண்ணெயும் உப்பும் சேராத எளிய வீட்டுச் சமையல். சுற்றத்தோடு பகிர்ந்தும் உண்ணப்படுகிறது. இல்லாதது ஒன்றே: கதவு திறந்திருக்கவில்லை. நத்தத்தனாரின் கவனம் கீரையின் மேல் அன்று, சாத்திய கதவின் மேல் நிற்கிறது. உணவின் தரத்தை உணவுப்பொருளுக்குள்ளேயே தேடும் எந்த வாசிப்பும் இக்காட்சியின்முன் தடுமாறும்.

மரபு நெல்லும் சிறுதானியமும் மீட்கப்பட்டதில் பெருமைப்பட நிறைய உண்டு. 174 மரபு நெல்வகைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமனின் பணி எந்தப் பல்கலைக்கழகத் திட்டத்துக்கும் குறைந்ததன்று. ஆயினும் அம்மீட்பைச் சூழ்ந்து வளர்ந்த பேச்சு விதையோடும் பொட்டலத்தோடும் நின்றுவிடுகிறது. வரகு நகரக் கடைக்கு வந்துவிட்டது. அதைக் குற்றிய கை வரவில்லை. ‘பாட்டியின் கைப்பக்குவம்’ என்று கூறும்போதும் பாட்டி எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பது கேட்கப்படுவதில்லை. குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் தயிர் பிசைந்த விரலையும், அவ்விரலைத் துடைத்து, துவைக்காமல் உடுத்திருந்த ஆடையையும், கண்ணில் ஏறிய தாளிப்புப் புகையையும் சொன்ன பிறகே கணவனின் பாராட்டைச் சொல்கிறார் என்பதை இங்கே நினைவிற் கொள்வது தகும்.

விடுதிச் சோறு

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிப்பாசன நிலம். சொர்ணவாரி, சம்பா, நவரை எனப் பருவங்களுக்குப் பெயரிட்டு நெல் விளைத்த ஊர்கள் இவை. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து, சிப்காட் வளாகங்கள் ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் எனப் பரவின. கைப்பேசி, வாகன உறுப்பு, கனரக வாகனம் என உற்பத்தி விரிந்தது. வயலின் பருவம் இருந்த இடத்தில் ஆலையின் ஷிப்ட் வந்தது. சமைக்கும் நேரம், உண்ணும் நேரம், உறங்கும் நேரம் மூன்றையும் இப்போது அதுவே வகுக்கிறது.

2021 டிசம்பர் 15 அன்று, ஸ்ரீபெரும்புதூர் அருகே ஆப்பிள் நிறுவனத்துக்கான கைப்பேசிகளைத் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு நஞ்சானது. 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. 17ஆம் தேதி இரவு தொடங்கி அவர்களுடைய தோழியர் சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் அமர்ந்து போக்குவரத்தை மறித்தனர். ஏறத்தாழ 17,000 பேர் பணிபுரிந்த ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றே மீண்டும் திறந்தது. இடையில் ஆப்பிள் நிறுவனம், தொழிலாளர்க்கான தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் சில தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஒப்புக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பு நிலையில் வைத்தது. ஓர் அறையில் ஆறு முதல் முப்பது பேர் வரை தங்கியதாகத் தொழிலாளர்கள் அந்நாட்களில் செய்தியாளர்களிடம் கூறினர்.

அந்நிகழ்வு அப்போது உணவுப் பாதுகாப்புக் குறைபாடு என்ற தலைப்பில் எழுதப்பட்டது, அது உண்மையே. ஆனால் பெரும்பாணாற்றுப்படையின் வாசகருக்கு அதில் வேறொன்றும் தெரியும். வதந்தி பரவியதன் காரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். நோயுற்றவர் எங்கிருக்கிறார் என்று உடனிருந்தவர்க்குத் தெரியவில்லை. இரவுணவு எந்த அடுப்பில் வெந்தது, சமைத்தவர் யார், பானையின் விளிம்பு எந்நிலையில் இருந்தது என்பவை உண்டவர்க்குத் தெரியும்படியான ஏற்பாடும் அங்கே இல்லை. புலவர் பெருங்கவனத்தோடு கவளத்தின் முன்னால் கொண்டுவந்து வைத்தவை அனைத்தும் ஒப்பந்தச் சமையலில் கவளத்தின் பின்னால் போய்விட்டன. சோறும் குழம்பும் உள்ளூருக்குரியனவாகவே இருந்திருக்கலாம். தொண்டைநாட்டு ஏரிப்பாசனத்தில் விளைந்த அரிசியாகவே இருந்திருந்தாலும் அன்றிரவின் நிலை மாறியிராது.

சட்டம் இதை ஓரளவு அறிந்தே இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் உணவகம் அமைக்கச் செய்யும் விதிகளை இயற்ற மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. உணவின் தரம், விலை ஆகியவற்றோடு உணவகத்தை நடத்தும் குழுவில் தொழிலாளர்க்கு இடமளிப்பதையும் அவ்விதிகளுக்குள் சேர்த்தது. உண்போர் வெறும் நுகர்வோர் அல்லர், அடுக்களையில் அவர்களுக்கும் சொல் உண்டு என்பதைச் சட்டமொழி தன் வறண்ட நடையில் கூறிய இடம் இது. ஆனால் அப்பிரிவு ஆலையின் சுற்றுச்சுவரோடு நின்றது. ஷிப்ட் முடிந்து பேருந்தில் ஏறி விடுதிக்குச் செல்லும் பெண்ணோடு அது செல்லவில்லை. அவள் வாழ்வின் பெரும்பாலான வேளை உணவு அந்த விடுதியில்தான்.

எதிர்வாதம் ஒன்றை இங்கே தவிர்க்க முடியாது. அடுப்பை மையமாக்கும் இவ்வாசிப்பு, ஆலைக்கு வந்த பெண்களை மீண்டும் அடுப்படிக்கே அழைப்பதாகாதா? பெரும்பாணாற்றுப்படையில் புல்லரிசி கிளறுவோரும் மோர் கடைவோரும் பெண்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் என்று சொல்லத்தக்க சிற்றூர்ப் பெண்கள் மாதச் சம்பளத்துக்கு வந்தபோது, பிறர் சமைத்ததை உண்ணும் உரிமையையும் முதல்முறையாகப் பெற்றனர். அது ஒரு விடுதலையே. அதைக் குறைத்து மதிப்பிடும் ‘வீட்டுச் சாப்பாட்டு’ ஏக்கம் பெரும்பாலும் ஆண்களின் ஏக்கம். மறியலில் அமர்ந்தவர்கள் தம் ஊர் அடுப்பை மீட்டுத்தரக் கேட்கவில்லை. தமக்காக எரியும் அடுப்பு ஒழுங்காக எரிய வேண்டும் என்றே கேட்டனர். பிறர் சமைத்ததைப் பெறுவது இழிவன்று, அது வழியில் இருப்போர்க்குரிய நிலை என்பதைத்தான் ‘பெறுகுவிர்’ என்னும் சொல்லும் கூறுகிறது. இவ்விடத்தில் நூலும் மறியலும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

வழித்தடத்தில் எரியும் அடுப்புகள்

தொழில்தடத்தில் அடுப்பே இல்லை என்று முடிவு கட்டுவதும் பிழை. பீகார், ஒடிசா, அசாம், மேற்குவங்கம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்து ஒரகடத்தைச் சூழ்ந்த ஊர்களில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் ஆண்கள், ஐந்து கிலோ எரிவாயு உருளையை வைத்து முறைபோட்டுச் சமைத்துக்கொள்வது அங்கே வழக்கம். கடுகெண்ணெயைத் தேடி வாங்குவார்கள். கீரையும் சுரைக்காயும் ஊர்ச்சந்தையில் அன்றன்று கிடைப்பவை. பெரும்பாணாற்றுப்படையில் இவர்களுக்கு முன்னோடிகள் உமணர்கள். அவர்களின் உப்புவண்டியின் முகப்பில் காடி வைத்த கலம் கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது; குழந்தையை உடைய பெண் எருதுகளை ஓட்டுகிறாள். நெடுவழியில் வாழ்வோர் தம் உணவுக்கலத்தைத் தம்மோடு கொண்டுசெல்கின்றனர். பாணரைப் போல் அவர்கள் எங்கும் விருந்தினர் ஆவதில்லை. நூல் இவ்விரு வழிப்போக்கரையும் ஒரே சாலையில் நடக்க விடுகிறது. ஆய்வுலகம் பாணரை மட்டுமே பின்தொடர்ந்தது.

ஆடி மாதத்தில் இத்தடத்தின் ஊர்கள் மற்றோர் அடுப்பையும் மூட்டுகின்றன. வடதமிழ்நாட்டின் அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் மாதம் அது. கேழ்வரகு மாவை முதல்நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யரிசியோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறியபின் மோரும் சின்ன வெங்காயமும் கலந்து ஊற்றுவர். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையோ கருவாட்டுக் குழம்போ இருக்கும். பழைய தானியம் தீர்ந்து புதியது வராத மாதத்துக்குரிய உணவு இது. பருவத்தின் கட்டாயம் சடங்காகியிருக்கிறது. கொப்பரை திறந்த வெளியில், எல்லோர் பார்வையிலும் கொதிக்கிறது. துழாவுபவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பவரின் ஊர் எது என்று கூழ் வார்ப்பவர் பொதுவாகக் கேட்பதில்லை. சாதியின் பெயரால் யாருடைய கொப்பரையில் யார் வாங்குவது என்ற கணக்கு இவ்வூர்களிலும் இருந்தது, முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. அதனால் இதை உருத்திரங்கண்ணனாரின் வழியோடு நேரடியாக இணைத்துவிடவும் கூடாது. நூலிலும்கூட அந்தணர் மனையில் கிடைப்பது நச்சினார்க்கினியர் இராசான்னம் என்று உரைகூறும் நெல்லின் சோறு. எயினர் குடிலில் கிடைப்பது புல்லரிசி. திறந்த கதவுகளுக்கு இடையேயும் படிநிலை இருந்தது. பாணன் எல்லா வாசலிலும் நின்றான் என்பதால் அவ்வாசல்கள் ஒன்றுக்கொன்று சமம் ஆகிவிடவில்லை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கான மாபெரும் குடியிருப்பொன்றைத் தமிழ்நாடு அரசு திறந்தது. மறியலுக்குப் பின் மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் நெரிசல் விடுதிகளுக்கு மாற்றாக இது எழுந்திருப்பது சிறிய செய்தியன்று. செய்திகள் அதன் அளவைப் படுக்கைகளால் கூறின: 18,720. அத்தனை பேருக்கும் நாள்தோறும் உலையேற்றுவோர் எத்தனை பேர், அவர்கள் எந்த ஷிப்டில் எழுகின்றனர், நாளைய குழம்பைப் பற்றி உண்போர் அவர்களிடம் நேரில் ஒரு சொல் கூற வழி உண்டா என்பன, பெரும்பாணாற்றுப்படையைப் படித்த ஒருவர் அக்கட்டடத்தின் வாசலில் நின்று முதலில் கேட்கக்கூடிய கேள்விகள்.